மக்கள் சித்திரக்காரர் சித்தப்ரசாத்

(புதுக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



களத்தில் நெல்லைத் தூற்றி அம்பாரமாகக் குவித்த பிறகு, அந்தக் காலத்தில் ஒரு காரியம் நடக்கும். இங்கே உட்கார்ந்திருக்கும் வயதான தோழர்கள் அதை அறிவார்கள். பண்ணைக் காரியஸ்தர் ஒரு மரக்கட்டையோடு வருவார். கட்டையின் முகத்தில் எழுத்தோ, ஏதாவது ஒரு சின்னமோ வெட்டியிருக்கும். அம்பாரத்தின்மேல் அங்கங்கே ஈர மண்ணையோ சாணியையோ வைத்து, அதன்மேல் அந்தக் கட்டையை அழுத்திக் குறி போடுவார். பொழுது விடிந்து பார்க்கும்போது குறி கலைந்திருந்தால் யார் தலை உருளும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உழுதவன் அங்கேதான் நிற்கிறான். நட்டவள் அங்கேதான் நிற்கிறாள். அவள் இடுப்பிலே பிள்ளை பசித்து அழுகிறது. ஆனால் ஒரு கைப்பிடி அள்ள முடியாது. ஒரு சாண் கட்டைக்கு அவ்வளவு அதிகாரம்!

கட்டையில் வெட்டி அச்சுப்போட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் நான் இன்று பேசப்போகிறேன். அவரும் நெல்லைப் பற்றியும் பசியைப் பற்றியும்தான் வெட்டினார். ஆனால் அம்பாரத்துக்கு இந்தப் பக்கம், நம் பக்கம் நின்று வெட்டினார். அவர் வங்காளத்துக்காரர். பெயர் சித்தப்ரசாத்.

சித்திரக்காரனைப் பற்றிப் பேச்சு எதற்கு, கூலியைப் பற்றிப் பேசினால் ஆகாதா என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். கூலியும் வரும்.

ஒன்று பலவாகும் வித்தை

புதுக்கோட்டைச் சீமைக்குச் சித்திரம் புதிதல்ல. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. யானையும் எருமையும் மீனும் அன்னமும், பூப்பறிக்கும் ஆட்களுமாக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய குளம். நிறம் மங்கிவிட்டது, அழகு மங்கவில்லை. ஆனால் அது அந்த ஒரு பாறையில்தான் இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் நாம்தான் அங்கே போகவேண்டும். அரண்மனையில் தொங்கிய சித்திரங்களோ, நாம் போனாலும் பார்க்க முடியாதவை. ஒரு ராஜாவுக்கு ஒரு படம், ஒரு ஜமீன்தாருக்கு ஒரு படம். காசு கொடுத்தவன் வீட்டுச் சுவரில் அது தொங்கும், அதோடு சரி.

அச்சுச் சித்திரம் வேறு ஜாதி. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கையால் வேலை செய்கிற உங்களுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

லினோலியம் என்று ஒரு சரக்கு உண்டு. ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் பிசைந்து, சணல் துணியின்மேல் தடவி இறுக வைத்த விரிப்பு. வெள்ளைக்காரன் வீட்டுத் தரையில் போட்டு மிதிப்பதற்காகச் செய்தது. இதைத்தான் 'லினோ' என்கிறோம். அதில் ஒரு துண்டை எடுத்து, படத்தைத் தலைகீழாக, அதாவது இடதை வலதாக, கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு குழி உளியால் வெட்ட வேண்டும். உளி இல்லாவிட்டால் குடைக்கம்பியைத் தீட்டி மரப்பிடி போட்டுக்கொண்டாலும் போதும். வெட்டிய இடம் வெள்ளை. வெட்டாமல் விட்ட இடம் கறுப்பு. மையை உருளையால் தடவி, காகிதத்தை மேலே வைத்து, ஒரு கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் காகிதத்தில் ஏறிவிடும். யந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பத்துப் போடலாம், நூறு போடலாம், பக்குவமாகக் கையாண்டால் இன்னும் சில நூறும் போடலாம். முதல் பிரதி, நூறாவது பிரதி என்று ஏற்றத்தாழ்வு கிடையாது. எல்லாம் ஒரே படம்தான்.

தவறாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டமுடியாது. ஆகையால் கை நடுங்கக்கூடாது, மனசும் நடுங்கக்கூடாது.

ஏழைப் பத்திரிகைகளுக்கு இது ஒரு வரப்பிரசாதம். ஈயத்தில் எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் ஒரு போட்டோ போட வேண்டுமானால் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்தாக வேண்டும். அதற்குத் தனிக் காசு, தனி ஆள். லினோவோ, மரத்துண்டில் ஒட்டி, எழுத்தின் உயரத்துக்குச் சரிக்கட்டினால் எழுத்தோடு சேர்ந்தே அச்சாகிவிடும். உலகத்தில் எங்கெங்கே ஏழைகள் பத்திரிகை நடத்தினார்களோ, அங்கெல்லாம் கட்டைச் சித்திரமும் கூடவே வளர்ந்தது தற்செயலா என்ன?

ஆலைத் தோழர்களுக்காக ஓர் உதாரணம். 1844-ல் ஜெர்மனியில் சைலீஷியாப் பிரதேசத்து நெசவாளிகள் கூலி கேட்டுக் கிளர்ந்தார்கள், துப்பாக்கியால் அடக்கப்பட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டெ கொல்விட்ஸ் என்ற பெண்மணி வரிசையாக ஆறு அச்சுச் சித்திரங்களில் செய்தார். 1898-ல் அதற்குப் பதக்கம் தரலாம் என்று பெர்லின் கண்காட்சியின் நடுவர்கள் சொன்னார்கள். ஜெர்மன் சக்கரவர்த்தி கூடாது என்று தடுத்துவிட்டான். நெசவாளி பட்டினி கிடந்ததைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. அதைப் படமாகப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை! அதே கொல்விட்ஸின் படங்களைச் சீனத்து எழுத்தாளர் லூ சுன் தம் நாட்டில் பரப்பினார். 1931-ல் ஷாங்காயில் வாலிபர்களுக்குக் கட்டை வெட்டும் பயிற்சியும் ஏற்பாடு செய்தார். அந்தச் சீனச் சித்திரங்கள் யுத்த காலத்தில் இந்தியாவுக்கு வந்தன. அவற்றைப் பார்த்துப் பாடம் கற்றவர்களில் ஒருவர் நம் சித்தப்ரசாத்.

சிட்டகாங் வாலிபன்

1915-ம் வருஷம் ஜூன் 21-ம் தேதி வங்காளத்தில் நைஹாட்டி என்ற ஊரில் அவர் பிறந்தார். படித்தது சிட்டகாங் நகரத்தில்; இன்றைக்கு அது வங்கதேசத்தில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே வெள்ளைக்காரனுக்கு வயிறு கலங்கிய காலம் அது. சூர்யா சென்னும் அவருடைய வாலிபர் படையும் 1930-ல் அங்கேதான் ஆயுதக் கிடங்கைத் தாக்கினார்கள். 1934-ல் சூர்யா சென் தூக்கிலிடப்பட்டார். அந்த மண்ணில் கல்லூரிக்குப் போன வாலிபன் எப்படி இருப்பான்? சித்தப்ரசாத் விவசாயிகளிடம் போனார், கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தார்.

எந்தச் சித்திரக் கல்லூரியிலும் முறையாகப் பயின்றவர் அல்லர். சொந்தமாகக் கற்றுக்கொண்டார். அவருடைய முழுப் பெயர் சித்தப்ரசாத் பட்டாச்சாரியா. பிராமணக் குடும்பம். ஜாதியை ஒப்புக்கொள்ளாதவர் ஆகையால் அந்தப் பின்பெயரை வெட்டி எறிந்தார். பெயருக்குப் பின்னால் ஜாதி போடுவது நம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒழிந்துவிட்டதால், இது என்ன பெரிய காரியம் என்று உங்களுக்குத் தோன்றும். அந்த நாள் வங்காளத்தில் அது பெரிய காரியம்தான்.

கூட்டங்களுக்குச் சுவரொட்டி எழுதினார். எழுத்துத் தெரியாத குடியானவன் படத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வான் அல்லவா? 1991-லும் 1992-லும் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது என்ன செய்தோம்? பாட்டும் நாடகமும் படமுமாகத்தானே கிராமத்துக்குள் போனோம்? சைக்கிள் மிதிக்கக் கற்றுக்கொண்டு ஊரையே கலக்கிய நம் சகோதரிகளில் பலருக்கு, எழுத்துக்கு முன்னால் அறிமுகமானது படம்தான்.

பஞ்சம் வந்தது

இப்போது 1943-க்கு வருகிறேன்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. பர்மாவிலிருந்து காடு மலை தாண்டிக் கால்நடையாக ஊர் திரும்பியவர்களின் பேரன் பேத்திகள் நம் பக்கங்களில் இன்றும் உண்டு. அவர்கள் வந்தார்கள், பர்மா அரிசி வருவது நின்றது. ஜப்பான்காரன் வந்துவிட்டால் அவனுக்குப் பயன்படக்கூடாது என்று சொல்லி, வங்காளத்துக் கரையோரப் படகுகளை வெள்ளைக்கார சர்க்கார் பறிமுதல் செய்தது, உடைத்தது. படகு போனால் மீனவன் எப்படிப் பிழைப்பான்? அந்த வருஷம் அக்டோபர் 16-ம் தேதி மித்னாபூர் ஜில்லாவில் பெரும் புயல் அடித்தது. சர்க்கார் கணக்குப்படியே 14,500 பேர் மாண்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்குமேல் ஒன்று: 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் முன்னணியில் நின்ற ஜில்லா அது. ஆகையால் சர்க்கார் உதவி செய்யவும் மனமில்லாமல், செய்தியை வெளியே விடவும் மனமில்லாமல் அமுக்கி வைத்திருந்தது.

பிறகு அரிசி விலை ஏறியது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு மணங்கு, அதாவது ஏறக்குறைய 37 கிலோ, 13 அல்லது 14 ரூபாய். 1943 ஆகஸ்டில் 37 ரூபாய். வெளி ஜில்லாக்களில் அதற்கும் மேல். கூலி ஏறியதா? ஏறவில்லை. இதுதான் நான் சொன்ன கூலி விஷயம்.

விளைச்சல் அடியோடு பொய்த்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. அந்த வருஷம் வங்காளத்தில் இருந்த அரிசி, முந்திய ஐந்து வருஷச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதம்தான் குறைவு என்று பின்னாளில் அமர்த்தியா சென் கணக்குப் போட்டுக் காட்டினார். அரிசி இருந்தது. கிடங்கில் இருந்தது, பதுக்கல்காரனிடம் இருந்தது, பட்டாளத்துக்கும் பட்டணத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. வாங்குவதற்குக் கூலிக்காரன் மடியில் காசுதான் இல்லை. யார் செத்தார்கள்? விவசாயக் கூலிகள், மீனவர்கள், வண்டி இழுத்தவர்கள், நெல் குத்திப் பிழைத்த பெண்கள். நெல்லைத் தொட்டு வேலை செய்தவர்களே நெல் இல்லாமல் செத்தார்கள்!

சர்க்கார் நியமித்த விசாரணைக் குழு 1945-ல் சொன்ன கணக்கு 15 லட்சம் சாவு. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் 30 லட்சம் வரை சொல்கின்றன. அதே குழு, அரிசி வியாபாரத்தில் அடிக்கப்பட்ட கொள்ளை லாபம் 150 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. 150 கோடியை 15 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு பிணத்துக்கு ஆயிரம் ரூபாய்!

பேரைக் கேட்டு எழுதினார்

கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக அப்போது இருந்தவர் பி. சி. ஜோஷி. கட்சிப் பத்திரிகைக்கு எழுத்து மட்டும் போதாது, ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்த தலைவர் அவர். சுனில் ஜானா என்ற வாலிபரைக் காமிராவோடு பஞ்சப் பிரதேசத்துக்கு அழைத்துப் போனார். சித்தப்ரசாத் பேனாவும் மையும் எடுத்துக்கொண்டு போனார்.

1943 நவம்பரில் மித்னாபூர் ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்தார். கூரை சரிந்த குடிசைகள், நாயும் நரியும் இழுத்த எலும்புகள், விலைக்குப் போன வெண்கலப் பாத்திரங்கள், அதற்குப் பிறகு விலைக்குப் போன நிலம், கடைசியில் விலைக்குப் போன பெண்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து வரைந்தார்.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பஞ்சத்தைப் படம் வரைந்தவர்கள் வேறு பலரும் உண்டு. ஜைனுல் அபேதின் வரைந்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. சித்தப்ரசாத் செய்த ஒரு காரியம் என்னவென்றால், தாம் வரைந்த மனிதரிடம் பேசினார், பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், யார் யாரை இழந்தாய் என்று கேட்டார். கேட்டதைப் படத்தோடு சேர்த்து எழுதிவைத்தார். ஆகையால் அவர் படத்தில் இருப்பது 'ஒரு பிச்சைக்காரன்' அல்ல. இன்ன ஊரில் இத்தனை காணி உழுத, இன்ன பேருடைய மனிதர். நேற்றுவரை குடியானவராக இருந்தவர், இன்று கையேந்துகிறார். யார் அவரை இப்படி ஆக்கினார்கள் என்ற கேள்வி படத்துக்கு அடியிலேயே எழுந்து நிற்கிறது.

30 லட்சம் என்று சொன்னால் காதில் விழுந்து மறுகாதால் போய்விடுகிறது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு எரிக்கப்பட்டவர்கள் 44 பேர் என்று சொல்வதற்கும், அவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, வயது சொல்லிப் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். செத்தவர்களை எண்ணுகிறவன் சர்க்கார் குமாஸ்தா. பேர் சொல்லி அழுகிறவள் சொந்தக்காரி. சித்தப்ரசாத் சொந்தக்காரராக இருந்து வரைந்தார்.

அந்தச் சித்திரங்களில் 22-ஐயும், தாம் கண்டதை விவரித்த கட்டுரையையும் சேர்த்து, 'பசித்த வங்காளம்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஓர் ஆங்கிலப் புத்தகமாகப் பம்பாயில் அச்சிட்டார்கள். சின்னப் புத்தகம். அதைப் பார்த்து அந்த மாபெரும் சாம்ராஜ்யம் என்ன செய்தது? பிரதிகளைப் பறிமுதல் செய்து கொளுத்தியது! ஐயாயிரம் பிரதிகள் நெருப்பில் போயின. ஹிட்லரை எதிர்த்துச் சுதந்திரத்துக்காக யுத்தம் செய்கிறோம் என்று ரேடியோவில் முழங்கிக்கொண்டிருந்த அதே சர்க்கார்தான் இதைச் செய்தது. ஹிட்லரும் புத்தகம் கொளுத்தினான். அந்த ஒற்றுமையை மட்டும் ரேடியோ சொல்லவில்லை.

ஆனால் அச்சான பொருளுக்கு ஒரு குணம் உண்டு. எங்காவது ஒன்று தப்பிவிடும். சித்தப்ரசாத்தின் குடும்பத்தார் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அதை வைத்து 2011-ல் டில்லியில் மறுபதிப்புப் போட்டார்கள். கொளுத்தியவர்களின் சர்க்கார் இன்று இங்கே இல்லை, புத்தகம் இருக்கிறது.

மூன்றில் இரண்டு பங்கு

சித்தப்ரசாத்தின் வேலை அவரோடு நின்றுவிடவில்லை. சிட்டகாங் பக்கத்திலிருந்து வந்த சோமநாத் ஹோர் என்ற வாலிபர், அவரைவிட ஆறு வயது இளையவர், அவரால் தூண்டப்பட்டுப் பஞ்சத்தில் வாடியவர்களை வரையத் தொடங்கினார். 1946-ல் வங்காளத்துக் குத்தகை விவசாயிகள் தேபாகா போராட்டம் தொடங்கினார்கள். நிலத்துக்காரனுக்கு மூன்றில் ஒரு பங்குதான், உழுதவனுக்கு இரண்டு பங்கு என்பது கோரிக்கை. அறுத்த நெல்லை நிலத்துக்காரன் களத்துக்குக் கொண்டுபோகாமல் தங்கள் களத்துக்கே கொண்டுவந்து அடித்தார்கள். பேச்சின் தொடக்கத்தில் சொன்ன குறிக்கட்டை ஞாபகம் இருக்கிறதல்லவா? எந்தக் களத்தில் நெல் குவிகிறது என்பதில்தான் அவ்வளவும் அடங்கியிருக்கிறது.

அந்த டிசம்பரில் சோமநாத் ஹோர் ரங்கபூர்ப் பக்கம் போய் விவசாயிகளோடு தங்கினார். இரவில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி அவர்கள் கூட்டம் போட்டதை வரைந்தார், நாட்குறிப்பு எழுதினார், பிறகு மரக்கட்டைகளில் வெட்டினார். தஞ்சை ஜில்லாவில் தோழர் பி. சீனிவாசராவ் தலைமையில் பண்ணையாட்கள் நிமிர்ந்து நின்று, 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே, அதே காலகட்டம்தான். நம் அறந்தாங்கித் தாலுகா அன்று தஞ்சை ஜில்லாவில் இருந்தது. ஆகவே இது வேறு தேசத்துக் கதையல்ல. சாணிப்பாலும் சவுக்கடியும் நம் பக்கத்திலும் இருந்தன. இராக் கூட்டங்களும் இருந்தன. அவற்றை வெட்டிவைக்க ஒரு சோமநாத் ஹோர் நமக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. பாட்டுக் கிடைத்தது, படம் கிடைக்கவில்லை.

பம்பாயில்

சித்தப்ரசாத் 1946-ல் பம்பாயிலேயே தங்கிவிட்டார். அந்த பிப்ரவரியில் கடற்படை மாலுமிகள் எழுச்சி நடந்தது. கெட்டுப்போன சோறும் வெள்ளை அதிகாரியின் வசைமொழியும் பொறுக்கமாட்டாமல் தொடங்கிய வேலைநிறுத்தம், கப்பலுக்குக் கப்பல் பரவியது. காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி, மூன்றையும் சேர்த்து ஏற்றினார்கள். பெரிய தலைவர்கள் சரணடையச் சொன்னார்கள். துணைக்கு வந்தவர்கள் யார்? பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள்! பிப்ரவரி 22-ம் தேதி ஆலைகளை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். இருநூறு பேருக்குமேல் துப்பாக்கிக்கு இரையானார்கள். அந்த எழுச்சியைச் சித்தப்ரசாத் வரைந்தார். தெலங்கானா விவசாயிகளின் போராட்டத்தையும் வரைந்தார். மக்கள் நாடக மன்றத்தின் சின்னமாக இன்றுவரை இருக்கும் முரசறைவோன் உருவம் அவர் வரைந்ததுதான்.

1948-ல் கட்சிக்குள் பெரிய மாற்றம் ஏற்பட்டது. கல்கத்தாவில் கூடிய இரண்டாவது காங்கிரஸில் ஜோஷி பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். மறுவருஷம் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். 1951-ல் திரும்பச் சேர்க்கப்பட்டார். அந்த இடைக்காலத்தில் சித்தப்ரசாத் ஸ்தாபன வேலையிலிருந்து ஒதுங்கினார். நம் பத்திரிகையில் வரப்போகிற பேச்சு என்பதற்காக இதை நான் தாண்டிப் போகமாட்டேன். அவசரப் பாதையில் போன அந்த ஆண்டுகளில் கலைஞர்களைக் கட்சி அணைத்துப் பிடிக்கவில்லை, பிடித்திருக்க வேண்டும். விலகியவர் எதிரிப் பக்கம் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சமாதான இயக்கத்துக்குப் படம் வெட்டினார். சினிமாவும் விளம்பரக் கம்பெனிகளும் ஓவியர்களுக்குக் காசு கொட்டிய பம்பாயில், அந்தேரியில் ஒரு சிறு வீட்டில், வறுமையில், லினோவும் உளியுமாகவே கடைசிவரை இருந்தார்.

சினிமாவுக்கு அவர் செய்த ஒரு வேலை உண்டு. பிமல் ராய் 1953-ல் எடுத்த 'தோ பீகா ஜமீன்', அதாவது 'இரண்டு பிகா நிலம்'. மில் கட்ட நிலம் வேண்டும் என்று ஜமீன்தார் நெருக்க, கடனைக் கட்டி நிலத்தைக் காப்பாற்றக் கல்கத்தாவுக்குப் போய்க் கைரிக்‌ஷா இழுக்கும் குடியானவனின் கதை. நிலமும் போகிறது. அந்தப் படத்தின் விளம்பரத்துக்குச் சித்தப்ரசாத் லினோவில் வெட்டிக் கொடுத்தார். கதை அவர் கதைதான், மறுப்பாரா?

தேவதைக் கதை இல்லாத குழந்தைகள்

அவர் லினோவில் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, ஐம்பதுகளின் தொடக்கத்தில் குழந்தைகளைப் பற்றி வெட்டிய வரிசை. பள்ளிக்கூடம் காணாத குழந்தைகள். பெரியவர்களின் வேலையைச் சின்னக் கையால் செய்யும் குழந்தைகள். தெருவே வீடான குழந்தைகள். 'தேவதைக் கதை இல்லாத தேவதைகள்' என்ற பொருள்படும் தலைப்பில், ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்தின் டென்மார்க் குழு 1969-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டது. நம் நாட்டுக் குழந்தைகளைப் பற்றிய புத்தகம் டென்மார்க்கில் வெளிவர வேண்டியிருந்தது!

அந்தப் படங்களில் பரிதாபம் காட்டிக் கண்ணீர் பிடுங்கும் வேலை இல்லை. குழந்தைகளின் கண்களைப் பெரிது பெரிதாக வெட்டியிருப்பார். கறுப்பு அதிகம், வெள்ளை கொஞ்சம். அந்தக் கொஞ்ச வெள்ளையும் முகத்திலும் கையிலும்தான் விழும். இவர் உளியை எங்கே ஓட்டினாரோ அங்கேதான் வெளிச்சம்.

படம் மட்டும் போட்டுவிட்டு ஓய்ந்துவிடவும் இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த சலாபா என்ற நண்பரால் பொம்மலாட்டத்தில் ஈடுபாடு ஏற்பட்டு, 'கேலாகர்', அதாவது 'விளையாட்டு வீடு', என்று ஒரு பொம்மலாட்டக் குழு அமைத்தார். தாமே பொம்மை செய்து, தாமே ஆட்டி, அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகளுக்குக் காட்டினார். தேவதைக் கதை இல்லையென்று படம் வெட்டினவர், கதையையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரைப் பற்றி 1972-ல் ஒரு டாக்குமெண்டரிப் படம் எடுத்தவரும் செக் நாட்டவரே. பாவெல் ஹோபல் என்பவர். நம்மவர்கள் மறந்திருந்த காலத்தில் அவர்கள் தேடி வந்தார்கள். பிராக் நகரத்துத் தேசியக் கலைக்கூடத்தில் அவர் படங்கள் இருக்கின்றன.

1978 நவம்பர் 13-ம் தேதி கல்கத்தாவில் காலமானார். வயது 63.

அவர் போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். இன்று அவருடைய லினோ அச்சுகளைப் பணக்காரர்கள் ஏலத்தில் எடுக்கிறார்கள். பட்டினி கிடந்தவனின் படத்தைக் குளிரூட்டிய கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டுகிறார்கள். பலருக்கும் போய்ச் சேரட்டும் என்று மலிவான சரக்கில் வெட்டியதை, சில பேருக்குத்தான் உண்டு என்று விலை ஏற்றிவிட்டார்கள். அரிசிக்கு 1943-ல் செய்ததை இப்போது படத்துக்குச் செய்கிறார்கள். பாதுகாக்கிறார்களே, அதற்கு நன்றி என்று நீங்கள் சொல்லலாம். சரி, நானும் சொல்கிறேன். மறுபதிப்புப் போட்டதும் அப்படிப்பட்ட ஒரு கலைக்கூடம்தான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

நம் பக்கத்து நிலைமையும் அவ்வளவு பிரமாதமில்லை. சுண்ணாம்பும் காவியும் குழைத்துச் சுவரெழுதிய நம் தோழர்கள் இருந்த இடத்தில் இன்று ஃப்ளெக்ஸ் பேனர் தொங்குகிறது. பத்து நிமிஷத்தில் யந்திரம் கக்கிவிடுகிறது. அதில் தலைவர்களின் முகம் இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், மாநாடு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சிரிப்பு இருக்கிறது. கிரஷரில் கல் உடைப்பவளின் முகம் எந்தப் பேனரில் இருக்கிறது? நூறுநாள் வேலைக்குப் போய்க் கூலி வரவில்லையென்று வங்கி வாசலில் காத்திருக்கும் கிழவியின் முகம் எதில் இருக்கிறது? அவள் பேரை யார் கேட்டு எழுதினார்கள்?

பின்சுவரில் சித்தப்ரசாத்தின் படங்களைப் பிரதியெடுத்து ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் போய்ப் பாருங்கள். தொட்டும் பார்க்கலாம், கண்ணாடி இல்லை. மேஜைமேல் லினோத் துண்டுகளும் நாலு உளியும் ஒரு மை உருளையும் இருக்கின்றன. ஆலையில் ஃபிட்டர் வேலை செய்யும் தோழர்கள் இன்னும் சில உளிகள் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் முதலில் வெட்டட்டும். எழுத்தை வெட்டுகிறவர்கள் இடது வலது மாற்றி வெட்டவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.